பிடியை விடாத சர்வர்

ஒரு சர்வர் செத்தால் இன்னொன்று அதன் வேலையை ஏற்றுக்கொள்ளும்படி இணைத்த சர்வர் கூட்டம்தான் கிளஸ்டர். அதை விற்க வருகிறவர்கள் எல்லோரும் ஒரே வித்தையைத்தான் காட்டுவார்கள். மேசைமேல் இரண்டு சர்வர்கள், அவற்றுக்குப் பொதுவாக ஒரு வட்டுப் பெட்டி. ஒரு சர்வரின் மின்கம்பியைப் பிடுங்குவார்கள். திரையில் ஒரு கட்டம் சிவப்பாகும். சில விநாடிகளில் பக்கத்துக் கட்டம் பச்சையாகும். "பார்த்தீர்களா சார், தானாகவே மாறிக்கொண்டது" என்பார்கள். கூடியிருக்கும் அதிகாரிகள் தலையாட்டுவார்கள். காபி வரும்.

சர்வர்களையும் சேமிப்பகங்களையும் பார்த்துக்கொள்வதே என் பிழைப்பு என்பதால் இந்த வித்தையை நிறையவே பார்த்திருக்கிறேன். அதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் ஒரு சர்வருக்கு வரக்கூடிய சாவுகளிலேயே மிக எளிதான சாவு அதுதான். மின்சாரம் போன சர்வர் எதையும் எழுதாது, எதற்கும் உரிமை கொண்டாடாது. நிஜத்தில் சர்வர்கள் இவ்வளவு மரியாதையாகச் சாவதில்லை. வலையமைப்பு அறுந்திருக்கும், வட்டோடு உள்ள இணைப்பு மட்டும் அறாமல் இருக்கும். நினைவகம் நிரம்பி மூச்சுத் திணறிக்கொண்டிருக்கும். மெய்நிகர் இயந்திரமாக (ஒரு கணினிக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினியாக) இருந்தால், காப்பு நகல் எடுப்பதற்காக அதைச் சிறிது நேரம் உறைய வைத்திருப்பார்கள். தான் உறைந்திருந்தது அதற்கே தெரியாது. கண் விழித்ததும், இடையில் உலகம் மாறிவிட்டதை அறியாமல், விட்ட இடத்திலிருந்து எழுதத் தொடங்கும். அதற்குள் கூட்டாளி சர்வர் "அது செத்துவிட்டது" என்று முடிவுகட்டி அதே வட்டை மவுன்ட் செய்திருந்தால் (தன்னோடு இணைத்துப் பயன்படுத்தத் தொடங்கியிருந்தால்), ஒரே கோப்பு முறைமைக்குள் இரண்டு கைகள். எக்ஸ்டி4, எக்ஸ்எஃப்எஸ் போன்ற சாதாரணக் கோப்பு முறைமைகள் இதற்காகக் கட்டப்பட்டவை அல்ல. ஒவ்வொரு சர்வரும் தன் நினைவகத்தில் இருப்பதையே உண்மை என்று நம்பி எழுதும். சில நிமிடங்களில் கோப்பகங்கள் கூழாகிவிடும்.

ஆகவே விற்பனையாளரிடம் நான் கேட்பது, மாற்று சர்வர் எத்தனை விநாடியில் எழும் என்பதை அல்ல. பழைய சர்வரின் பிடி பொது வட்டிலிருந்து போய்விட்டது என்று உங்கள் மென்பொருளுக்கு எப்படித் தெரியும் என்று கேட்கிறேன். பெரும்பாலும் அதற்கு "ஹார்ட்பீட் நின்றுவிடும் சார்" என்று பதில் வரும். சர்வர்கள் ஒன்றுக்கொன்று இடைவிடாமல் அனுப்பும் 'உயிரோடு இருக்கிறேன்' என்ற துடிப்புதான் ஹார்ட்பீட். அது நிற்பது சாவுக்குச் சான்று ஆகாது. அந்தப் பக்கத்திலிருந்து சத்தம் வரவில்லை என்பதற்கு மட்டுமே அது சான்று.

இது பொறியியல் சோம்பலால் வந்த குறை அல்ல. 1985இல் ஃபிஷர், லிஞ்ச், பேட்டர்சன் ஆகிய மூவரும் இதைக் கணித முறையில் நிறுவிவிட்டார்கள். செய்தி வந்து சேரும் நேரத்துக்கு உச்சவரம்பு இல்லாத வலையமைப்பில், ஒரே ஒரு கணினி நின்றுபோகக்கூடும் என்றாலும், மற்றவை கட்டாயம் ஒருமித்த முடிவுக்கு வந்து சேரும் என்ற உத்தரவாதத்தை எந்த நிர்ணயமான நெறிமுறையாலும் தர முடியாது. மெதுவாக இருப்பதையும் செத்துப்போனதையும் வெளியிலிருந்து பிரித்தறிய வழியில்லை என்பதுதான் அதன் அடிவேர். காலக்கெடு வைத்து ஊகிக்கலாம். ஊகத்தை நம்பி வட்டில் கை வைக்கலாமா என்பதுதான் கேள்வி.

அந்த ஊகம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு எனக்குத் தெரிந்த சிறந்த பாடம், கிட்ஹப் நிறுவனம் 2012 டிசம்பர் 22, சனிக்கிழமை சந்தித்த முடக்கம். நடந்ததை அவர்களே விரிவாக எழுதி வெளியிட்டார்கள். இந்தத் துறையில் அப்படி வெளிப்படையாக எழுதுவது அபூர்வம். பயனர்களின் நிரல் களஞ்சியங்கள் எல்லாம் கோப்பு சர்வர்களில் இருந்தன. அவை இரண்டிரண்டாக, ஒன்று வேலை செய்ய மற்றொன்று காத்திருக்கும் ஜோடிகள். பேஸ்மேக்கர், (அந்தத் துடிப்பின் பெயரையே கொண்ட) ஹார்ட்பீட் என்ற இரு மென்பொருள்கள் அவற்றைக் கவனித்துக்கொண்டன. டிஆர்பிடி என்ற மென்பொருள், வேலை செய்யும் சர்வரின் வட்டில் மாறுவதை எல்லாம் உடனுக்குடன் கூட்டாளிக்கு அனுப்பியது. ஒரு ரேக் (சர்வர்களை அடுக்கும் அலமாரி) முழுவதும் போனாலும் மற்றது பிழைக்கட்டும் என்று ஜோடியில் உள்ள இரண்டையும் வெவ்வேறு ரேக்குகளில் வைத்திருந்தார்கள். பாடநூல் சொல்லும் எல்லாமே இருந்தது.

அன்று நடந்தது திட்டமிட்ட வலையமைப்புப் பராமரிப்பு. ரேக்குகளை ஒன்றோடொன்று இணைக்கும், நடுவில் இருக்கும் பெரிய வலையமைப்பு சுவிட்சுகளில் மென்பொருளை மேம்படுத்தினார்கள். அந்த சுவிட்சுகளும் ஒரு ஜோடிதான், கவனியுங்கள். ஒரு சுவிட்சில் கட்டுப்பாட்டு மென்பொருளை நிறுத்தியபோது கூட்டாளிக்கு அதனிடமிருந்து செய்தி வருவது நின்றது. ஆனால் இரண்டையும் இணைக்கும் கம்பியில் உயிர் இருந்தது. கம்பியும் செத்திருந்தால் கூட்டாளி எல்லாப் பொறுப்பையும் அமைதியாக ஏற்றுக்கொண்டிருக்கும். செய்தி இல்லை, கம்பி மட்டும் இருக்கிறது என்ற இரண்டுங்கெட்டான் நிலையில், எதையும் ஏற்கத் துணியாமல் அது தனித்த சுவிட்சாக நடந்துகொள்ளத் தொடங்கியது. இணைப்புகள் அனைத்தும் முதலிலிருந்து பேசி முடிக்கப்பட வேண்டியதாயிற்று. ரேக்குகளுக்கு இடையிலான போக்குவரத்து ஏறக்குறைய ஒன்றரை நிமிடம் நின்றது.

ஒன்றரை நிமிடம்தான். ஆனால் கோப்பு சர்வர்களின் ஹார்ட்பீட் காலக்கெடு அதற்குள் கடந்துவிட்டது. பல ஜோடிகளில் இரு சர்வர்களும் எதிராளி செத்துவிட்டதாக நம்பின. பொறுப்பேற்பதற்கு முன் எதிராளியின் மின்சாரத்தை வெட்ட வேண்டும் என்ற நல்ல ஏற்பாட்டை கிட்ஹப் வைத்திருந்தது. ஸ்டோனித் என்று அதற்குப் பெயர். 'எதிராளியின் மண்டையில் சுடு' என்பதன் முதலெழுத்துகள். சர்வர்கள் சுட்டன. ஆனால் தோட்டா போக வேண்டிய பாதையும் அதே அறுந்த வலையமைப்புதான். சில கட்டளைகள் போய்ச் சேரவே இல்லை. வலையமைப்பு மீண்டபோது, பல ஜோடிகளில் இரண்டுமே தாங்கள்தான் பொறுப்பாளர்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தன. பிறகு யார் முதலில் சுடுவது என்ற பந்தயத்தில் ஒன்றின் மின்சாரத்தை மற்றொன்று வெட்டிவிட்டது. பல ஜோடிகளில் இரு சர்வர்களும் தரையில்.

தளத்தைப் பராமரிப்பு நிலைக்குக் கொண்டுபோய், ஒவ்வொரு ஜோடியாக எடுத்து, எதன் வட்டில் கடைசி உண்மை இருக்கிறது என்பதைப் பதிவேடுகளைப் பார்த்து உறுதிசெய்த பிறகே மேலே கொண்டுவந்தார்கள். நிதானமாகச் செய்தார்கள் என்பதைத்தான் நான் பாராட்டுவேன். அந்த நேரத்தில் 'எதையாவது ஒன்றை எழுப்பிவிடு' என்ற அவசரம் எப்படி அழுத்தும் என்பது மேலாளர் முதுகுக்குப் பின்னால் நிற்க வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும்.

எதிராளியின் பிடியை எடுக்கும் கட்டளை, எதிராளியோடு பேசும் அதே கம்பியில் போகக் கூடாது. பேச்சு அறுந்ததால்தானே அந்தக் கட்டளையே தேவைப்படுகிறது?

இதற்கு நல்ல விடை வட்டிலேயே இருக்கிறது. கணினியும் வட்டும் பேசிக்கொள்வதற்கான ஸ்கஸி-3 தரத்தில் நிலைத்த முன்பதிவு என்று ஒரு வசதி உண்டு. ஒவ்வொரு சர்வரும் தனக்கென ஒரு சாவி எண்ணை வட்டில் பதிந்துகொள்ளும். பதிந்தவர்கள் மட்டுமே எழுதலாம். பொறுப்பேற்கும் சர்வர், போனதாகக் கருதப்படுகிற சர்வரின் சாவியை வட்டிலிருந்து நீக்கிவிடும். அதன்பின் அது உறக்கத்திலிருந்து எழுந்து எழுத முயன்றால், 'முன்பதிவு முரண்' என்று வட்டே திருப்பி அனுப்பிவிடும். நம் ஒற்றைத் தண்டவாளப் பாதைகளில் இருந்த நீல்ஸ் உருண்டை டோக்கனை நினைத்துக்கொள்ளலாம். இரு நிலையங்களிலும் உள்ள கருவிகள் மின்கம்பியால் பிணைக்கப்பட்டவை. ஒரு உருண்டை வெளியே வந்துவிட்டால், அது மீண்டும் கருவிக்குள் போகும்வரை எந்தப் பக்கத்திலும் இன்னொன்று வராது. உருண்டை கையில் இல்லாத ஓட்டுநர் வண்டியை எடுக்க மாட்டார். வேறுபாடு ஒன்று உண்டு. உருண்டையோடு ஓட்டுநர் காணாமல் போனால் ரயில்வே பாதையை மூடிவிட்டுக் காத்திருக்கும். கிளஸ்டரோ அவர் கையில் இருக்கும் உருண்டையை அங்கிருந்தபடியே செல்லாததாக்குகிறது. எதிராளியின் ஒத்துழைப்பு வேண்டாம். அது உயிரோடு இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளக்கூட வேண்டாம்.

ஆனால் இதை மட்டும் நம்பியிருப்பதிலும் ஓட்டை உண்டு. வட்டுதான் பூட்டப்பட்டது, சர்வர் சாகவில்லை. பயனர்கள் தேடி வரும் ஐபி முகவரியை அது இன்னும் வைத்துக்கொண்டிருக்கலாம். அப்போது ஒரே முகவரிக்கு இரண்டு பேர் பதில் சொல்வார்கள். பாதிப் பயனர்கள் எழுத முடியாத சர்வரிடம் போய் மாட்டிக்கொள்வார்கள். அதனால்தான் வட்டைப் பூட்டுவதோடு நில்லாமல் சர்வரை மறுதொடக்கமும் செய்யவைக்கும் ஏற்பாடு வேண்டும் என்கிறேன். எஸ்பிடி என்ற முறை இதை அழகாகச் செய்கிறது. பொது வட்டில் ஒரு சிறு பகுதி. அதில் ஒவ்வொரு சர்வருக்கும் ஒரு கட்டம். எதிராளியின் கட்டத்தில் 'செத்துப்போ' என்று எழுதிவைத்தால், அது வாசித்ததும் தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும். வாசிக்கவே முடியாத நிலையில் இருந்தால், வன்பொருளில் உள்ள காவல் கடிகாரம் அதை உதைத்து மறுதொடக்கம் செய்துவிடும். எழுதிய சர்வர் குறித்த நேரம் காத்திருந்துவிட்டுப் பொறுப்பேற்கும். அந்தக் காத்திருப்பைச் சுருக்கச் சொல்லி எவ்வளவு நச்சரித்தாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

வலையமைப்பு அறுந்தால் எந்தப் பக்கம் தொடர்வது என்று சர்வர்கள் தீர்மானிக்கும் பெரும்பான்மை வாக்கு பற்றி நீட்டி எழுதப் போவதில்லை. மூன்று சர்வர்கள் இருந்தால் இருவர் சேர்ந்த பக்கம் தொடரலாம், தனித்த பக்கம் ஒதுங்க வேண்டும். இரண்டே சர்வர்கள் என்றால் பெரும்பான்மை கிடையாது. மூன்றாவதாக ஒரு சாட்சி வேண்டும். 1983இல் டெக் நிறுவனம் அறிவித்த வாக்ஸ் கிளஸ்டரிலேயே இது இருந்தது. அதற்குப் போதிய வாக்குகள் இல்லாமல் போனால், நடந்துகொண்டிருக்கும் வேலைகள் அப்படியே உறைந்து நிற்கும். வாக்குகள் திரும்பியதும் தொடரும். தவறாக எழுதுவதைவிட எழுதாமல் நிற்பது மேல் என்று நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் தீர்மானித்திருக்கிறார். இன்று அதே மாதிரி ஒரு கிளஸ்டர் நின்றால், 'தொங்கிவிட்டது' என்று புகார் எழுதுகிறோம்.

பேஸ்மேக்கரில் ஸ்டோனித் இயல்பாகவே இயக்கத்தில் இருக்கும். அதற்கான சாதனத்தை அமைக்காவிட்டால் எந்தச் சேவையையும் தொடங்க மாட்டேன் என்று அது அடம்பிடிக்கும். அதனால் இணையத்தில் கிடைக்கும் எத்தனையோ வழிகாட்டிகள் முதல் பக்கத்திலேயே அந்த அமைப்பை அணைக்கச் சொல்லிவிடுகின்றன. சோதனைக்கூடத்துக்கு மட்டும் என்று ஒரு வரி இருக்கும், சிலவற்றில் அதுவும் இருக்காது. அப்படி அணைக்கப்பட்ட கிளஸ்டர்கள் சம்பளப் பட்டியலையும் நோயாளிப் பதிவேடுகளையும் சுமந்து ஓடிக்கொண்டிருப்பதை நான் பார்த்திருக்கிறேன். ஆண்டுக்கணக்கில் ஓடும். ஒருநாள் ஒரு சுவிட்ச் இருமும்.

இதுவரை சொன்னது வட்டைக் காப்பாற்றுவது பற்றி. வட்டு பிழைத்தும் பயனருக்குக் கதவு திறக்காமல் போகலாம். நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் ஒரு மாற்றம் சில விநாடிகளில் முடிந்தது. கண்காணிப்புத் திரை முழுவதும் பச்சை. கணக்குப் பிரிவிலிருந்து அழைப்பு: "சார், எஸ் டிரைவ் திறக்கவில்லை. நாளைக்குச் சம்பளப் பட்டியல் போக வேண்டும்." எங்கள் தளத்தில் எல்லோருக்கும் திறக்கிறது, அடுத்த கட்டடத்தில் ஒருவருக்கும் திறக்கவில்லை.

காரணம் ஏஆர்பி. எந்த ஐபி முகவரி எந்த வன்பொருள் முகவரியில் இருக்கிறது என்று கணினிகள் கேட்டறிந்து குறித்துவைக்கும் நெறிமுறை அது. ஐபி முகவரி ஒரு சர்வரிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது, 'இனி இந்த முகவரி என்னிடம்' என்று புதிய சர்வர் வலையமைப்பு முழுவதற்கும் கேட்கும்படி அறிவிக்கும். கேட்டவர்கள் தங்கள் குறிப்பை மாற்றிக்கொள்வார்கள். கணக்குப் பிரிவு இருந்தது ஒரு ஃபயர்வாலுக்கு அப்பால். கேட்காமல் வரும் இத்தகைய அறிவிப்புகளைப் புறக்கணிக்கும்படி அதில் யாரோ அமைத்துவைத்திருந்தார்கள். பாதுகாப்பு நோக்கில் அது தவறும் அல்ல; அடுத்தவர் முகவரியைத் திருடுகிறவனும் இதே அறிவிப்பைத்தான் செய்வான். ஃபயர்வால் பழைய வன்பொருள் முகவரிக்கே பொட்டலங்களை அனுப்பிக்கொண்டிருந்தது. குறிப்பை அழித்ததும் கதவு திறந்தது. சிஸ்கோ ரூட்டர்களில் இந்தக் குறிப்பு இயல்பாக 4 மணி நேரம் நிற்கும் என்பதை இங்கே சேர்த்துப் படித்துக்கொள்ளுங்கள்.

முகவரி சரியாக மாறினாலும் பழைய டிசிபி இணைப்புகள் (இரு கணினிகள் தொடர்ந்து பேச அமைத்துக்கொள்ளும் தொடர்புகள்) இருக்கின்றன. பயனரின் கணினி, போய்விட்ட சர்வரோடு பேசிக்கொண்டிருப்பதாகவே நினைக்கும். தானாக ஏதாவது அனுப்பினால்தான் உண்மை தெரியும். விண்டோஸ் கணினிகளோடு கோப்புகளைப் பகிரும் சாம்பா மென்பொருளின் கிளஸ்டர்களுக்காக ஆண்ட்ரூ டிரிட்ஜெலும் கூட்டாளிகளும் உருவாக்கிய சிடிடிபி என்ற மென்பொருளில் இதற்கு ஒரு குறும்புத்தனமான தந்திரம் உண்டு. பொறுப்பேற்ற சர்வர், வரிசை எண் வேண்டுமென்றே தவறாக உள்ள ஒரு பொட்டலத்தைப் பயனரின் கணினிக்கு அனுப்பும். அது 'என்னய்யா உளறுகிறாய், சரியான எண் இது' என்று பதில் அனுப்பும். அப்படியொரு இணைப்பே தெரியாத புதிய சர்வர் உடனே 'இணைப்பு இல்லை' என்று முறித்துவிடும். பயனரின் கணினி அந்தக் கணமே புதிதாக இணைந்துகொள்ளும். நிமிடக்கணக்கில் ஆகக்கூடிய காத்திருப்பு ஒரு கிச்சுகிச்சில் முடிகிறது. நெறிமுறையின் விதி ஒன்றையும் மீறாமல் இப்படி ஒரு காரியம் சாதித்திருப்பதைப் படித்தபோது எழுந்து நின்று கைதட்டத் தோன்றியது.

லினக்ஸ், யூனிக்ஸ் உலகின் கோப்புப் பகிர்வு முறையான என்எஃப்எஸ்ஸில் பாடு வேறு. பயனரின் கணினி கோப்பைப் பெயரால் நினைவில் வைத்திருப்பதில்லை, ஒரு கைப்பிடி எண்ணால் வைத்திருக்கிறது. அதற்குள் கோப்பு முறைமையின் அடையாளமும் அடங்கும். இரு சர்வர்களிலும் அந்த அடையாளத்தை ஒரே எண்ணாக நிர்ணயித்திராவிட்டால், மாற்றத்துக்குப் பிறகு 'காலாவதியான கைப்பிடி' என்ற பிழைதான் கிடைக்கும். கோப்பு அங்கேயே இருக்கும். யாராலும் தொட முடியாது.

பூட்டுகள் இன்னும் நுட்பமானவை. எந்தப் பயனர் எந்தக் கோப்பைப் பூட்டிவைத்திருந்தார் என்பது பழைய சர்வரின் நினைவகத்தோடு போய்விட்டது. புதிய சர்வர் உடனே கடையைத் திறந்தால், ஒருவர் பூட்டிய கோப்பை இன்னொருவர் பூட்டிவிடுவார். அதனால் லினக்ஸில் என்எஃப்எஸ் 4 எழுந்ததும் இயல்பாக 90 விநாடி சலுகைக் காலம் கடைப்பிடிக்கும். அந்த நேரத்தில், ஏற்கெனவே பூட்டு வைத்திருந்தவர்கள் வந்து தங்களுடையதை மீட்டுக்கொள்ளலாம். புதிய பூட்டு கிடையாது, புதிதாகக் கோப்பைத் திறப்பதும் கிடையாது. பழைய பயனர்களின் பட்டியல் பொது வட்டில் இருந்து, எல்லோரும் வந்து மீட்டுவிட்டால் அதற்கு முன்பே முடித்துக்கொள்ளலாம். அந்தப் பட்டியலை ஒவ்வொரு சர்வரின் சொந்த வட்டில் விட்டுவைப்பவர்கள் நிறையப் பேர். சேவை மாறும், பட்டியல் மாறாது. மீட்க வருகிறவர்களைப் புதிய சர்வருக்கு அடையாளமே தெரியாது.

பயனரின் பக்கத்தில் மென் மவுன்ட், வன் மவுன்ட் என்று ஒரு தேர்வு உண்டு. வன் மவுன்டில், 'சர்வர் பதில் தரவில்லை, இன்னும் முயல்கிறேன்' என்று பதிவேட்டில் ஒரு வரி விழும். நிரல் அப்படியே நிற்கும். சர்வர் வந்ததும் 'சர்வர் சரி' என்று இன்னொரு வரி விழுந்து வேலை தொடரும். மென் மவுன்டில் சில முயற்சிகளுக்குப் பிறகு நிரலுக்குப் பிழை திரும்பும். எழுதியது போய்ச் சேர்ந்ததா என்று சரிபார்க்காத நிரல்களின் எண்ணிக்கையைப் பார்க்கும்போது, எழுதும் பகிர்வுகளுக்கு மென் மவுன்டை நான் அனுமதிப்பதில்லை. கணினி தொங்குகிறது என்று திட்டு வாங்கிக்கொள்ளலாம். விண்டோஸ் உலகில் 2012ஆம் ஆண்டு சர்வர் பதிப்போடு வந்த கோப்புப் பகிர்வு நெறிமுறையான எஸ்எம்பி 3.0, திறந்திருக்கும் கோப்பின் கைப்பிடியை வட்டிலேயே பதிந்துவைத்து, அடுத்த சர்வரில் பயனருக்குத் திரும்பக் கொடுக்கும் வசதியைத் தந்தது. பகிர்வை அதற்கென அமைத்தால்தான் அது நடக்கும்.

இதையெல்லாம் சோதிப்பது எப்படி? விநாடிக்கொரு முறை நேரத்தையும் ஒரு வரிசை எண்ணையும் பகிர்வில் எழுதி, வட்டில் சேர்ந்ததை உறுதிசெய்துகொள்ளும் ஒரு சிறு நிரலைப் பயனரின் கணினியில் ஓடவிடுங்கள். சர்வர் அறையில் அல்ல, ஃபயர்வாலுக்கு அப்பால் இருக்கும் கணினியில். இன்னொரு கணினி ஒரு கோப்பைப் பூட்டிவைத்திருக்கட்டும்; மூன்றாவது அதைப் பறிக்க முயன்றுகொண்டே இருக்கட்டும். பிறகு சர்வரை விதவிதமாகக் கொல்லுங்கள். ஹார்ட்பீட் கம்பியை மட்டும் பிடுங்குங்கள். வட்டுக் கம்பியை மட்டும் பிடுங்குங்கள். இயங்குதளத்தின் மையமான கர்னலை வேண்டுமென்றே வீழ்த்துங்கள். மெய்நிகர் இயந்திரமானால் சில நிமிடம் உறையவைத்துவிட்டு எழுப்புங்கள். எழுதிய கோப்பில் நேர இடைவெளி இருக்கலாம். வரிசை எண்ணில் ஒன்றுகூட விடுபடக் கூடாது, இரட்டிக்கக் கூடாது. பூட்டு கைமாறியிருக்கவே கூடாது.

கடைசியாக, விற்பனையாளரின் அந்த மின்கம்பி வித்தையையும் செய்து பாருங்கள். எளிதான சாவு என்றேன் அல்லவா? அதிலும் ஒரு பொறி இருக்கிறது. பல இடங்களில் எதிராளியை அணைக்கும் கட்டளை, அதன் தாய்ப்பலகையில் உள்ள மேலாண்மைச் சில்லுக்குத்தான் போகும். சர்வருக்கு மின்சாரம் போனால் அந்தச் சில்லுக்கும் போயிற்று. கட்டளைக்குப் பதில் வராது. அணைந்ததா என்று உறுதியாகாது. கிளஸ்டர் பொறுப்பேற்காமல் காத்துக்கொண்டே நிற்கும். அது சரியாகத்தான் நடந்துகொள்கிறது. மின்விநியோகப் பட்டையிலோ வட்டிலோ இரண்டாவது வழி ஒன்றை அமைத்திருக்க வேண்டியது நாம். அந்த வழியும் இல்லாதபோது பேஸ்மேக்கர் ஒரு கட்டளையை மனிதருக்கு விட்டுவைத்திருக்கிறது: 'அந்த சர்வர் செத்துவிட்டது, நான் பார்த்துவிட்டேன்' என்று கையால் உறுதிசெய்வது. அதை அடித்ததும் கிளஸ்டர் கேள்வி கேட்காமல் நம்பி வட்டை மவுன்ட் செய்யும். வீட்டிலிருந்து, விபிஎன் வழியாக, தொலைபேசியில் யாரோ "அணைந்த மாதிரிதான் சார் இருக்கிறது" என்று சொன்னதைக் கேட்டு அதை அடிக்க என் குழுவில் யாருக்கும் அனுமதி இல்லை. ரேக்கின் முன்னால் நின்று, இரண்டு மின்கம்பிகளையும் கையில் பிடித்திருப்பவர் சொன்னால் மட்டும் அடிக்கலாம்.